தரைக்கோடு இல்லாத நாணயம்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. யாராவது ஒரு கட்டிடத்தின் அழகான முன்பக்கப் படத்தைக் காட்டினால் என்னால் அதை ரசிக்க முடியாது. "வெட்டுமுகம் எங்கே?" என்று கேட்டுவிடுவேன். கட்டிடத்தைக் கேக் வெட்டுவதுபோல் மேலிருந்து கீழே வெட்டி, உள்ளே எது எதன்மேல் நிற்கிறது என்று காட்டும் படத்துக்குத்தான் வெட்டுமுகம் என்று பெயர். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கும் சின்னக் கட்டிடக்கலை அலுவலகத்தில் நான் படவரைஞர். தலைமயிர் நரைக்கத் தொடங்கிவிட்டது, இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறேன். வீடு வாங்க வருகிறவர்கள் கண்ணாடிப் பல்கணியையும் பூச்சாடியையும், அந்த இடத்தில் ஒருநாளும் வளரப்போகாத தென்னை மரத்தையும் பார்த்து மயங்குவார்கள். தண்ணீர்த் தொட்டி எங்கே, பம்ப் எங்கே, அந்தப் பெரிய தூண் எதன்மேல் நிற்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்காதவர்கள் பிறகு என்ன பாடு பட்டார்கள் என்பது வெள்ளவத்தையில் எல்லோருக்கும் தெரியும்.

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், துறைமுகத்தில் டாலி கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் இருந்து இறங்கும் சரக்கை எண்ணிப் பதிவது அவருடைய வேலை. இருவரும் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். லிப்ட் கிடையாது. அக்காவின் இரண்டு முழங்காலும் போய்விட்டன. பூசைக்குப் போய் வந்தால் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வாங்குவாள். அத்தானுக்கு ஓய்வின்போது வந்த சேமலாப நிதிப் பணத்தில் கல்கிசையில் லிப்ட் உள்ள சின்ன வீடு ஒன்றை வாங்குவதாகப் பேச்சு. அந்தப் பேச்சில்தான் அக்கா அந்தப் படிகளை ஏறிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நாணயம் வந்தது. கையில் பிடிக்கும் நாணயம் அல்ல, கிரிப்டோ. அதைக் கொண்டுவந்தவர் ஒரு முப்பத்தைந்து வயதுத் தம்பி. நல்ல உடுப்பு, நல்ல பேச்சு, எல்லோரையும் அங்கிள் அன்ரி என்று வாய் நிறையக் கூப்பிடுவார். எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் ஒரு காலத்தில் பாடியவர் என்பதால் கொட்டாஞ்சேனையில் அவருக்குக் கதவு தட்ட வேண்டியிருக்கவில்லை. அவருடைய நிறுவனம் சொந்தமாக ஒரு நாணயத்தை வெளியிடப்போகிறதாம். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் அறிமுகக் கூட்டம். அத்தான்தான் கொட்டாஞ்சேனை இணைப்பாளர்.

ஓய்வு பெற்ற பிறகு அத்தானின் கைப்பேசி அடித்ததே இல்லை. இப்போது அடித்துக்கொண்டே இருந்தது. மண்டபத்தில் முன்வரிசையில் அவருக்கு நாற்காலி ஒதுக்கியிருந்தார்கள், 'சேர்' என்று கூப்பிட ஆட்கள் இருந்தார்கள். கல்கிசை வீட்டுப் பணத்தை முதலில் இதில் போட்டு, பெருகியதும் இன்னும் பெரிய வீடாக வாங்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் சொன்னார். கூட்டம் முடிந்து வரும் திங்கட்கிழமையே வங்கிக்குப் போகப்போகிறாராம். அக்கா என்னைப் பார்த்தாள். நான் மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

நேரே எதிர்த்தால் அத்தான் இன்னும் இறுகிப்போவார். அவரை எனக்குத் தெரியும். ஆனால் கடவுள் கண் திறந்தார். நாணயத்தின் தொழில்நுட்ப அடுக்குகளைத் தமிழில் விளக்கும் ஒரு பெரிய படம் மண்டபத்துக்குத் தேவைப்பட்டது. "என்ர மச்சாள் படவரைஞர்தானே" என்று அத்தானே பெருமையாகச் சொல்லிவிட்டார்.

அந்தத் தம்பி எங்கள் அலுவலகத்துக்கு வந்து, மாதிரிக்கு ஒரு படத்தைக் காட்டினார். நீல ஒளியில் மிதக்கும் அறுகோணத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஒவ்வொரு தட்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரு கம்பீரமான பெயர். எல்லாமே அந்தரத்தில். கட்டிடப் படத்தில் தரைக்கோடுதான் மிகத் தடித்த கோடு, அதை முதலில் போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். இந்தப் படத்தில் தரைக்கோடு இல்லை. எங்கே என்று கேட்டேன். அவர் சிரித்தார். இது டிஜிட்டல் அக்கா, தரை தேவையில்லை என்றார்.

சரி, நான் வரைகிறேன் என்றேன். ஆனால் என் முறையில்தான் வரைவேன், விளங்காத எதற்கும் என் பேனா கோடு போடாது, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் வேண்டும் என்றும் சொன்னேன். அவர் தாராளமாகத் தலையாட்டினார். படம் கீறுகிற பொம்பிளை எவ்வளவு கேட்டுவிடப் போகிறாள் என்று நினைத்திருப்பார்.

முதலில், உலகம் முழுக்கப் புழங்குகிற ஓர் உண்மையான கிரிப்டோ எப்படி நிற்கிறது என்று படிக்கத் தொடங்கினேன். படித்தது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. எனக்கு எதையும் வெட்டிப் பார்த்தால்தான் விளங்கும். ட்ரேசிங் தாளை விரித்துத் தடித்த தரைக்கோட்டைப் போட்டேன். அதன்மேல் ஒரு மாடிக் கட்டிடம். நிலக்கீழ்த் தளத்தில் கணினிகள், மின்சாரம், இணையக் கம்பி. அதற்கு மேலே கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்தும் வலையமைப்பு. அதற்கும் மேலே எந்தச் செய்தி சரியானது என்று எல்லாக் கணினிகளும் ஒரு முடிவுக்கு வரும் தளம். அதன்மேல் கணக்குப் பக்கங்கள், பக்கங்களின்மேல் ஓடும் நிரல்கள். எல்லாவற்றுக்கும் உச்சியில், நாம் கைப்பேசியில் பார்க்கும் செயலி.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிழை. ஒரு கட்டிடம் ஒரு காணியில் நிற்கும். காணிக்காரன் பூட்டினால் முடிந்தது கதை. உண்மையான கிரிப்டோ அப்படியில்லை. அதே கணக்குப் பக்கங்களை உலகத்தின் எத்தனையோ மூலையில் எத்தனையோ பேரின் கணினிகள் முழுசாக வைத்திருக்கின்றன. அதை ஒரு கட்டிடத்துக்குள் எப்படி அடக்குவது? கீறினேன், கிழித்தேன். மறுபடி கீறினேன். அலுவலகக் குப்பைக் கூடை நிரம்பியது. நான் பிடித்தால் விடுகிற ஆளில்லை. கடைசியில்தான் பிடிபட்டது. ஒரு பெரிய கட்டிடம் வேண்டாம். ஒரே அச்சில் வார்த்த சின்னச் சின்ன வீடுகளைத் தரைக்கோடு நெடுகக் கீறினேன். எல்லா வீட்டிலும் அதே பக்கங்கள், வீட்டுக்கு வீடு கம்பி. ஒரு வீட்டை அழிரப்பரால் அழித்துப் பார்த்தேன். மற்ற வீடுகள் நின்றன. மேலே இருந்த செயலியும் விழவில்லை. அந்த மத்தியானம் நான் சாப்பிடவே மறந்துபோனேன், அவ்வளவு சந்தோஷம்.

பக்கங்களைக் கீறுவதிலும் ஒரு பாடம் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் அதற்கு முந்திய பக்கத்தில் இருந்து பிறந்த ஓர் அடையாளம் பதிந்திருக்கும். பழைய பக்கம் ஒன்றில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அதன் அடையாளம் மாறிவிடும், அடுத்த பக்கத்தோடு பொருந்தாது. சுவரில் கல் வரிசைகளை மாறி மாறிப் பூட்டிக் கட்டுவதுபோல் அதைக் கீறினேன். நடுவில் ஒரு கல்லை உருவினால் மேலே உள்ளதெல்லாம் அசையும். அப்படி ஒருவன் தன் வீட்டுச் சுவரை மாற்றிக் கட்டினாலும், மற்ற வீடுகளின் சுவர்கள் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று பின்னேரம் தாளைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அத்தான் வெளியே போயிருந்தார். அக்கா குசினியில் வெங்காயம் உரித்தபடி எட்டிப் பார்த்து, இது எந்த வீட்டுத் திட்டம், இவ்வளவு சின்ன வீட்டில் யார் இருப்பது என்று கேட்டாள். விளக்கினேன். இந்தப் பூட்டு, அடையாளம் எல்லாம் தனக்கு ஏறாது என்றாள். ஆளுக்கொரு வீட்டில் ஏன் ஒரே கணக்கை வைத்து மாரடிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டாள். எனக்குச் சட்டென்று அத்தானின் வேலை நினைவுக்கு வந்தது.

துறைமுகத்தில் சரக்கு இறங்கும்போது கப்பல் பக்கம் ஒருவர் எண்ணுவார், கரைப் பக்கம் இன்னொருவர் எண்ணுவார். அவர் எண்ணுவது இவருக்குத் தெரியக்கூடாது. கடைசியில் இரண்டும் ஒத்து வந்தால் அப்படியே கையெழுத்து. ஒத்து வராவிட்டால் 'குறைவு' என்று எழுதித்தான் கையெழுத்து. அத்தான் கரைப் பக்கம் எண்ணியவர். கப்பல்காரன் சிகரெட் பெட்டி நீட்டினாலும், கப்டன் வந்து முதுகில் தட்டினாலும், தான் எண்ணாத பெட்டிக்குக் கையெழுத்து வைத்ததில்லை என்று அவர் சொல்லிக் கேட்டுக் கேட்டு எங்கள் காது புளித்துப்போயிருந்தது. அதைத்தான் உலகம் முழுக்கக் கணினிகள் செய்கின்றன, கரைப் பக்கம் ஒருவருக்குப் பதில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள் என்றேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப இவையின்ர நாணயத்தில கரைப் பக்கம் ஆர் நிக்கினம்?"

அதைத்தான் கேட்கப்போகிறேன் என்றேன்.

கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தத் தம்பி முதலில் ஒரு தடித்த ஆங்கில அறிக்கையை அனுப்பினார். அதில் உலகத்தை மாற்றுவது பற்றி நிறைய இருந்தது, கணினிகள் எங்கே இருக்கின்றன என்று ஒரு வரி இல்லை. மறுபடி போன் எடுத்துக் கேட்டேன். அது டெக்னிக்கல் டீம் பார்க்கிற விஷயம் என்றார். டெக்னிக்கல் டீமின் நம்பரைக் கேட்டேன். அவர்கள் வெளிநாட்டில் என்றார். வெளிநாட்டு நம்பருக்கும் என் கைப்பேசியில் இருந்து எடுக்கலாம் என்றேன். காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் எடுத்தேன், கடையில் பாண் வாங்கும்போதும் எடுத்தேன். அவர் என் அழைப்பைப் பார்த்தாலே வியர்க்கும் அளவுக்கு வந்திருக்க வேண்டும். கடைசியில் ஒருநாள் பொறுமை இழந்து, ஆனால் பெருமையோடுதான், பதில் சொன்னார்.

"அக்கா, எல்லாம் எங்கட ஒபிஸ் சேர்வரில பத்திரமா இருக்கு. வெளியில ஒருத்தருக்கும் கொப்பி குடுக்கிறேல்லை. அதுதான் எங்கட செக்கியூரிட்டி."

நான் நன்றி சொல்லி வைத்தேன். எண்ணுகிறவனும் அவன், எழுதுகிறவனும் அவன், சாவியும் அவன் கையில். அப்படி இருக்கிற ஒன்றுக்குக் கிரிப்டோ என்ற பெயர் எதற்கு? அந்த ஒருவன் ஒருநாள் காலையில் எண்களை மாற்றி எழுதினால், முன்பு இருந்த எண் இதுவல்ல என்று காட்டுவதற்கு இன்னொரு வீடு கிடையாது. எனக்குக் கோபம் வந்தது. அவர் மீது மட்டுமல்ல, அந்த நீல அறுகோணங்கள் மீதும். படம் கீறுவது என் தொழில். பொய்க்குத் தொழில்முறையாக வர்ணம் அடித்திருந்தது எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணால் பார்த்து அளந்ததை முழுக்கோட்டில் போடுவோம். இருக்கிறது என்று சொல்லக் கேட்டும் பார்க்காததைப் புள்ளிக் கோட்டில் போடுவோம். ஒரு தாளை இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் உண்மையான கிரிப்டோவின் வெட்டுமுகம், தரைக்கோடு நெடுகச் சின்ன வீடுகள், எல்லாம் முழுக்கோடு. வலப்பக்கம் இவர்களுடையது, அதே அளவுத்திட்டத்தில். உச்சியில் செயலி முழுக்கோட்டில் பளபளவென்று இருந்தது. அதற்குக் கீழே நிரல், பக்கங்கள், உடன்பாடு, வலையமைப்பு எல்லாம் புள்ளிக் கோடு. தரையில் ஒரே ஒரு பெட்டி. 'ஒரு கணினி. உரிமை: நிறுவனம்' என்று எழுதினேன். கீழ் மூலையில் வழக்கமான கட்டங்கள்: வரைந்தவர், சரிபார்த்தவர். முதல் கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். இரண்டாவது வெறுமையாக இருந்தது. சரிபார்த்தவர் கையெழுத்து இல்லாமல் நான் எந்தப் படத்தையும் வாடிக்கையாளரின் கையில் கொடுத்ததில்லை.

பெரிய அளவில் அச்சடிக்கக் கொடுத்தபோது கடைக்காரர் பதறிப்போய்ச் சிங்களத்தில் கைப்பேசியில் கூப்பிட்டார். மிஸ், மை முடிந்துவிட்டதோ தெரியவில்லை, வலப்பக்கக் கோடெல்லாம் விட்டு விட்டு வருகிறது என்றார். இல்லை, அங்கே இருக்கிறதே அவ்வளவுதான் என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன்.

கூட்டத்துக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை அத்தானுக்குக் காட்டினேன். நான் எதிர்பார்த்தபடியேதான் நடந்தது. அவர் தாளை முழுசாகப் பார்க்கவில்லை. ஒரு மனுஷன் நல்லா இருந்தால் உனக்குப் பொறுக்காது, கலியாண வீட்டுக்குப் போனாலும் பந்தல் காலைத் தட்டிப் பார்க்கிறவள் நீ என்று சத்தம் போட்டார். பந்தல் விஷயம் உண்மைதான். நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறது, எல்லாவற்றையும் வெட்டிப் பார்க்க முடியாது என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் தாளை எடுத்துக்கொண்டு போகவில்லை. சாப்பாட்டு மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு கோப்பையை வைத்துவிட்டு வந்தேன். சாப்பிட இருந்தால் அதன்மேல்தான் தட்டை வைக்கவேண்டும். அதைத் தூக்க வேண்டாம் என்று அக்காவிடம் கண்ணால் சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் படத்தை எடுத்துப்போக அந்தத் தம்பி வருவதாக இருந்தது. அவருக்கு முன்பே நான் போய்விட்டேன். அத்தான் வெள்ளைச் சேட்டை மடிப்புக் கலையாமல் அயன் பண்ணிப் போட்டு, தலை வாரி, மண்டபத்துக்குத் தயாராக இருந்தார். என்னோடு கதைக்கவில்லை. ஆனால் மேசையில் தாள் விரித்தபடியே கிடந்தது. கோப்பைகள் இருந்த இடம் மாறவில்லை, வலப்பக்கத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் அவருடைய மூக்குக்கண்ணாடி கிடந்தது.

தம்பி படியேறி வந்து, மூச்சு வாங்கி, தாளைப் பார்த்தார். முகம் ஒரு கணம்தான் மாறியது. பிறகு பழைய சிரிப்பு வந்துவிட்டது. இடப்பக்கத்தை வெட்டி எடுத்துவிடலாம் என்றார். வலப்பக்கம் அருமை, அந்தப் புள்ளிக் கோடுகளை மட்டும் நிரப்பி விடுங்கள், கூட்டத்தில் யாரும் கிட்ட வந்து பார்க்கமாட்டார்கள் என்றார். நிரப்பலாம் என்றேன். சரிபார்த்தவர் கையெழுத்து வைத்தால் இப்போதே, இந்த மேசையிலேயே நிரப்பித் தருகிறேன் என்று பேனாவை எடுத்து வைத்தேன்.

அதற்கென்ன என்றார் அவர். இணைப்பாளர் இருக்கிறாரே. பேனாவை எடுத்து அத்தானின் கையில் கொடுத்தார்.

அத்தான் மூக்குக்கண்ணாடியைப் போட்டார். குனிந்தார். பேனா அந்த வெறும் கட்டத்துக்கு மேலே நின்றது. அக்கா குசினி வாசலில் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் கையெழுத்து வைத்தால் திங்கட்கிழமை வங்கிக்கும் போவார், பிறகு அக்காவின் முழங்கால்களுக்குச் சாகும்வரை இந்தப் படிதான்.

"தம்பி," என்றார் அத்தான் நிமிராமலே. "இதில கரைப் பக்கம் நிண்டு எண்ணுறது ஆர்?"

தம்பிக்கு விளங்கவில்லை. அத்தான் நிதானமாக, கோபமில்லாமல், துறைமுகத்து வழக்கத்தைச் சொல்லி மறுபடி கேட்டார். தம்பி கையை அகல விரித்தார். எல்லாவற்றையும் எங்கள் சிஸ்டமே எண்ணிவிடும் அங்கிள், வேறு ஆள் தேவையே இல்லை என்றார்.

அத்தான் பேனாவை மூடினார்.

"நான் எண்ணாத சாமானுக்குக் கையெழுத்து வச்சதில்லை தம்பி. நீங்கள் போங்கோ, கூட்டத்துக்கு நேரமாகுது."

தம்பி கெஞ்சினார், பிறகு முகத்தைத் தூக்கினார், பிறகு நீல அறுகோணங்களே போதும் என்று இறங்கிப் போனார். அவருடைய சப்பாத்துச் சத்தம் கீழ்மாடி வரைக்கும் கேட்டது. முன்வரிசை நாற்காலியில் அன்று யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அத்தானின் கைப்பேசி மேசையில் இரண்டு தடவை அடித்தது, அவர் எடுக்கவில்லை. பிறகு அது அடிக்கவில்லை. அந்தச் சத்தம் நின்றபோது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நான் வென்றதுபோல் எனக்குத் தோன்றவே இல்லை.

தாளைச் சுருட்டப் போனேன். அத்தான் கையைப் போட்டுத் தடுத்தார். பேனாவை மறுபடி திறந்தார். இடப்பக்கத்துச் சின்ன வீடுகளில் இருந்து தொடங்கி, விரலால் ஒவ்வொரு தளமாகத் தொட்டு வலப்பக்கம் வந்து, புள்ளிக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்த ஒற்றைப் பெட்டியில் வந்து நின்றார். அந்தக் காலத்தில் இறங்குதுறையில் எப்படி எண்ணியிருப்பாரோ அப்படித்தான் பார்த்தார். பிறகு 'சரிபார்த்தவர்' கட்டத்தில் தெளிவாக எழுதினார்: 'குறைவு'. அதற்குக் கீழே கையெழுத்து வைத்தார்.

எழுந்துபோய் வெள்ளைச் சேட்டைக் கழற்றி, கவனமாக மடித்து, அலுமாரியில் வைத்தார். சாரம் கட்டிக்கொண்டு திரும்பி வந்து, கல்கிசை வீட்டுக்காரரின் நம்பர் எங்கே என்று அக்காவைக் கேட்டார். திங்கட்கிழமை போவோம், ஆனால் கடல் தெரிகிறதா என்று பிறகு பார்க்கலாம், முதலில் அந்த லிப்ட்டின் மெஷின் அறையைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும் என்றார். அக்கா நிலையில் இருந்து கையை எடுத்து, கதிரையை இழுத்து இருந்தாள். இருந்தபடியே, நம்பர் தனக்கு மனப்பாடம் என்றாள்.